பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன்

சிறுநீர் வராத ஆளை அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்தினால் வருகிறதும் உள்ளே போய்விடும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை, நானாகத் தெரிந்துகொண்டது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, குழந்தை பேச ஆரம்பித்துவிட்டதா என்று கேட்க வேண்டும். அதுபாட்டுக்கு வரும்.

என் தொழில் அதுதான் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறைப்படி என் வாயால் சொல்லச் சொன்னீர்கள். தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் ஊக்கமருந்து எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, அவர்களுடைய சிறுநீரைச் சேகரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிற அதிகாரி நான். அதிகாரி என்று பெயர்தானே தவிர, ஒரு ஆண்பிள்ளை ஒன்றுக்குப் போவதைப் பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்ப்பதுதான் என் அதிகாரம் மொத்தமும். சட்டை நெஞ்சுவரை ஏற வேண்டும், கால்சட்டை முழங்கால்வரை இறங்க வேண்டும், கை முழங்கைவரை தெரிய வேண்டும். உடம்பிலிருந்து கோப்பைக்குப் போகிற வழி முழுக்க என் கண்ணில் பட வேண்டும். வேறு எதையும் நம்பக் கூடாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்பது விதி. என் மனைவி அக்கம்பக்கத்தில் "அவர் லேப்ல இருக்கார்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். பதினோராவதாக இப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அரங்குகளில் எங்களுக்கு ஒதுக்குகிற அறை துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையை ஒட்டித்தான் இருக்கும். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய ஒரு சின்ன ஃபிரிட்ஜ், உள்ளே கழிப்பறை. எடை பார்த்த கையோடு வீரர்களை அங்கே அனுப்புவார்கள். எடையைக் குறைப்பதற்காகச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி, கடைசியில் எச்சிலைக்கூடத் துப்பித் துப்பி வெளியே தள்ளியவர்கள். அவர்களிடம் போய்க் கோப்பையை நீட்டுவது வெயிலில் காய்ந்த துணியைப் பிழியச் சொல்வது மாதிரி. சிலர் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். எதிராளியின் அடிக்குக் கண்ணைச் சிமிட்டாதவன் கோப்பையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். எனக்குப் பாவமாக இருக்கும். எனக்கு எல்லாரையும் பார்த்தால் பாவமாக இருக்கும். அது என் சுபாவம்.

அப்படி ஆரம்பித்ததுதான். கல்யாணமாகி மூன்றாம் நாள் சண்டைக்கு வந்த ஒருவன். மருந்து மாத்திரை எதுவும் தொடாதவன், பார்த்தாலே தெரியும். கோப்பையில் போட்டிருக்கிற கோட்டுக்கு ஒரு கரண்டி குறைந்தது. வெளியே அந்தப் புதுப்பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், ஊருக்குப் போகிற கடைசி வண்டி கிளம்பப் போகிறது. நான் திரும்பி நின்று அந்த ஒரு கரண்டியை நிரப்பினேன். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுக்கிற மாதிரி. அவன் எப்படியும் தப்புச் செய்யாதவன். என் கரண்டியால் அது பொய்யாகிவிடவில்லை.

என் சிறுநீரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, இருமல் மருந்தைக்கூடத் தொட்டதில்லை. குத்துச்சண்டை உலகத்தில் என்னைவிட ஒழுக்கமான உடம்பு கிடையாது. ஒரே குறை, எனக்குச் சண்டை போடத் தெரியாது.

அதற்கப்புறம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். எண்ணவில்லை. எல்லாம் நல்ல பிள்ளைகள். சிலருக்கு ஒரு கரண்டி, சிலருக்குப் பாதிக் கோப்பை. இரண்டு பேருக்கு முழுக் கோப்பை என்று ஞாபகம். அந்த இரண்டு பேரையும் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் வரும்.

இப்போது மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். குத்துச்சண்டைக்காரர்களிடையே அவருக்கு "கணக்கு வாத்தியார்" என்று பெயர். கையால் அடிப்பதற்கு முன்னால் மனசால் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர். காய்ச்சல் வந்தால்கூட என்னைக் கேட்காமல் மாத்திரை போட மாட்டார். "மச்சான், இந்த அட்டையில என்னமோ நீளமா எழுதியிருக்கு, படிக்கிறேன் கேளுங்க" என்று போனில் எழுத்தெழுத்தாக வாசிப்பார். நான் சரி என்ற பிறகுதான் முழுங்குவார். பட்டத்துக்கான சண்டைக்கு வருஷக்கணக்காகக் காத்திருந்து, வயசும் ஏறி, இனி வராது என்று நாங்கள் எல்லாரும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு அந்த அழைப்பு வந்தது. எதிராளி கரடி. அவனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பார்த்தால் காரணம் புரியும்.

மாப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஊக்கமருந்துச் சோதனை இருக்க வேண்டும், அதை நான்தான் செய்ய வேண்டும். சொந்தக்காரன் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. கரடியின் தரப்பு ஆட்சேபித்திருந்தால் என்னை மாற்றியிருப்பார்கள். அவர்கள் ஆட்சேபிக்கவில்லை, "அவர்னா எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்றார்களாம். ஏன் சந்தோஷம் என்று நான் அப்போதே யோசித்திருக்கலாம். எல்லாருக்கும் என்னைப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டைக்குச் சில நாள் முன்பு தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் இரண்டு டம்ளர்களை எதிரெதிரே வைத்துத் தன் திட்டத்தை விளக்கினார்.

"மச்சான், அவன் உடம்பைப் பாருங்க. மருந்து இல்லாம அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு ஆறு ரவுண்டுக்கு மேல எவனாலயும் மூச்சு விட முடியாது. அதனால ஆறு ரவுண்டு நான் வாங்கிக்கிறேன். கையை உசத்தி மறைச்சுக்கிட்டு, அடிக்கட்டும்னு விட்டுடறேன். ஏழாவதுல அவன் கை தானா கீழ எறங்கும். அப்பத்தான் நான் ஆரம்பிப்பேன்."

தங்கை பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆறு ரவுண்டு வாங்கிக்கிறாராம். என்னமோ கடைக்குப் போய்க் காய் வாங்கிட்டு வர்ற மாதிரி. அவன் மருந்து போட்டுக்கிட்டு வந்தா?"

"அதுக்குத்தானே உங்க அண்ணன் இருக்காரு. அவர் கண்ணைத் தாண்டி ஒரு சொட்டு போகுமா?"

"இவனா? இவன் சின்ன வயசுல பால் பொங்குதா பாருடான்னு அம்மா சொன்னா, பொங்கி அடுப்பு அணையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பான்."

மூன்று பேரும் சிரித்தோம். அவள் சொன்னது நடந்ததுதான்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, "இதோட விட்டுடறேன்னு சத்தியம் பண்ணியிருக்காருண்ணா. ஜெயிச்சாலும் தோத்தாலும் இதான் கடைசி. இந்தச் சண்டை மட்டும் நின்னு போயிடக் கூடாது. நின்னு போச்சுன்னா இன்னொண்ணு வரும் இன்னொண்ணு வரும்னு இன்னும் அஞ்சு வருஷம் அடி வாங்குவாரு" என்றாள். அது நிற்காது என்று நான் வாக்குக் கொடுத்தேன். கூடப்பிறந்தவள் கேட்டு நான் எதையும் இல்லை என்றதில்லை.

எடை பார்க்கிற நாள் வந்தது. மாப்பிள்ளை முதலில் வந்து, வருகிற அளவைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு நான் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. அடுத்து கரடி.

கதவைச் சாத்தியதும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. உதடு வெடித்திருந்தது. சட்டையைக் கழற்றினான். முதுகு முழுக்கப் பருக்கள், இடுப்புக்குக் கீழே ஊசி போட்ட இடத்தில் கட்டி கட்டியாக. இதையெல்லாம் கவனிக்கத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கவனித்தேன்.

"அண்ணே, இன்னிக்கு வேணாம்ணே" என்றான்.

"வேணாம்னா எப்படிப்பா? இதென்ன கல்யாண விருந்தா, வயிறு சரியில்லைன்னு எழுந்து போறதுக்கு?"

அவன் சிரிக்கவில்லை. "போன வாரம்தான் கடைசியா போட்டேன். இன்னும் உள்ளதான் இருக்கும்."

என்ன போட்டான் என்று கேட்டேன். இரண்டு பெயர் சொன்னான். ஒன்று சதையை ஏற்றுவது. இன்னொன்று ரத்தத்தைத் தடிக்க வைத்து, மூச்சு வாங்காமல் ஓட வைப்பது. அந்த இரண்டாவது மருந்து இருந்தால் ஏழாவது ரவுண்டு என்ன, பன்னிரண்டாவது ரவுண்டிலும் கை கீழே இறங்காது. இதுவும் எனக்குத் தெரியும். வகுப்பு எடுத்திருக்கிறேன்.

"இப்பக் கொடுத்தா ரெண்டு வாரத்துல மாட்டிப்பேன். பேரு நாறிடும். அதுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு இப்பவே கெளம்பிடறேன். சண்டை வேணாம்."

"அப்படியெல்லாம் கெளம்ப முடியாது."

"அப்ப நீங்கதான் பாத்து செய்யணும். எனக்குச் சொல்லித்தர்ற மாஸ்டர் சொன்னாரு, நீங்க ரொம்ப நல்லவருன்னு."

"யார் யார்கிட்ட சொல்லியிருக்காரு?"

"எல்லாருக்கும் தெரியும்ணே."

இரண்டு வாரம் என்று அவன் சொன்னது சரிதான். ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வர அவ்வளவு நாளாகும். சண்டை மறுநாளே நடந்துவிடும். பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு சாவகாசமாக விடைத்தாளைத் திருத்துகிற தொழில் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். இதை நான் பலமுறை சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் கிளம்பினால் சண்டை நின்றுவிடும். மாப்பிள்ளை இன்னொரு சண்டைக்குக் காத்திருப்பார், தங்கை சொன்ன அந்த ஐந்து வருஷம். நடந்ததைச் சொல்லலாம் என்றால், என் கரண்டிகள் எல்லாம் வெளியே வரும். அது என் கவலை இல்லை. அந்த நல்ல பிள்ளைகளின் பெயர் கெடும். எப்படிக் கூட்டினாலும், யாருக்கும் நஷ்டமில்லாத வழி ஒன்றுதான் இருந்தது. கணக்கு வாத்தியார் என்று பெயர் மாப்பிள்ளைக்கு. அன்றைக்கு நானும் ஒரு கணக்குப் போட்டேன்.

மூன்று கோப்பைகளில் ஒன்றை அவனையே எடுக்கச் சொன்னேன்; விதிப்படி வீரர்தான் எடுக்க வேண்டும். கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினோம்; சோப்பு கூடாது, அதுவும் விதி. பிறகு நான் கோப்பையை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் நின்றேன். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. "வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அவன்தான் குழாயைத் திறந்துவிட்டான்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகிற இரண்டு குப்பிகளிலும் ஊற்றி, மூடியைத் திருகினேன். அந்த மூடி ஒரு பக்கம்தான் சுற்றும். கடக் கடக்கென்று சத்தம் வந்து நின்றுவிட்டால் உடைக்காமல் திறக்க முடியாது.

வெளியே மாப்பிள்ளை கழுத்தில் துண்டோடு நின்றிருந்தார். "ஆச்சா மச்சான்?"

"ஆச்சு."

"நீங்களே பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன்."

அது பொய் இல்லை. கோப்பைக்குள் போனதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாப்பிள்ளை இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். கண் திறந்திருக்கிறது. தலையில் எலும்பை எடுத்த இடம் பள்ளமாக இருக்கிறது. தங்கை குரல் கொடுத்தால் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் போய்த் துடைத்துவிட்டு, போர்வைக்கு அடியில் பாட்டிலைப் பிடிக்கிறேன். நர்ஸ், "அண்ணனுக்கு இதெல்லாம் நல்லாப் பழக்கம் போலிருக்கே" என்றாள். ஆமாம் என்றேன்.

முடிவு வந்தது அதற்கப்புறம்தான். கரடியின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறது என்று வந்தது. அவன் சொன்ன இரண்டு பெயரும் அதில் இல்லை. இருந்தது, உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிற ஒரு மாத்திரை. மற்ற மருந்துகளின் தடயத்தை அலசிக் கொண்டுபோய்விடும் என்பதால் அதையும் தடைசெய்திருக்கிறார்கள். வீரர்களுக்கு நான் எடுக்கிற வகுப்பில் இதைத் தனியாகச் சொல்வேன்: "ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதித் தர்ற மாத்திரையில கூட இது இருக்கும், ஜாக்கிரதை." எனக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சண்டைக்கு முந்தின மாதம்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் காலையில் ஒன்று. அது என் உடம்புக்குள் இருந்தது, ஞாபகத்துக்குள் இல்லை. உலகத்துக்கெல்லாம் அட்டை படித்துச் சொன்னவன் என் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் நான் பெரிய மனிதனாக இருந்தேன். குத்துச்சண்டைச் சங்கத்தின் தலைவர் தோளில் தட்டி, சோதனையின் மேல் மக்களுக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது என்றார். பட்டத்தைக் கரடியிடமிருந்து பறித்து மாப்பிள்ளைக்குத் தருவதாகப் பேச்சு. தங்கை ஆஸ்பத்திரி நடைபாதையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புடிச்சிட்டே அண்ணா. நீ புடிச்சிட்டே. அவருக்குப் புரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவாரு." அவள் கை சில்லென்று இருந்தது. நான் அந்தக் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டேன்.

விசாரணையில் கரடி எழுந்து, "அந்த மாத்திரையை நான் கண்ணால கூடப் பாத்ததில்லை" என்றான். அதுவரை அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். ஒருவரும் நம்பவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அப்புறம் அவனுடைய வக்கீல், அந்தக் குப்பியில் இருப்பது தன் கட்சிக்காரருடையதே இல்லை, வேண்டுமானால் மரபணுவைப் பாருங்கள் என்றார். கரடியுடையது இல்லை என்று தெரிந்த பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் கன்னத்துக்குள் பஞ்சைத் தேய்த்து எடுத்து, உறைக்குள் போட்டு ஒட்டும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நல்ல வேலைக்காரர். நான் அப்போதே மனசுக்குள் பாராட்டினேன்.

இனி குப்பியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் முதலிலிருந்தே சண்டையைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் சிறுநீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சரி.

மாப்பிள்ளையின் மூலைக்குக் கீழே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு ரவுண்டும் அவர் சொன்னபடியே செய்தார். கையை உயர்த்திக்கொண்டு வாங்கினார். கையின் மேல் விழுந்த அடியெல்லாம் கையோடு நிற்கவில்லை, தலைக்குள்ளும் போயிற்று. ஏழாவதில் கரடியின் கை கீழே வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எட்டாவதிலும் வரவில்லை. கரடி முதல் ரவுண்டில் மூச்சு விட்ட மாதிரியே விட்டுக்கொண்டிருந்தான்.

எட்டாவது முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. அவருடைய கோச் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். அதைத் தூக்கி உள்ளே எறிந்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். "போதும்யா, நிறுத்திடலாம்" என்றார். மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு மேலாகக் குனிந்து என்னைப் பார்த்தார்.

"மச்சான், இவன் களைக்கவே மாட்டேங்கிறான். உண்மையைச் சொல்லுங்க. சுத்தமா இருக்கானா? இல்லைன்னா எறங்கிடறேன்."

கோச்சும் என்னைப் பார்த்தார். துண்டு அவர் கையில் அப்படியே இருந்தது. அவர் இதை ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார், மறைத்துப் பிரயோசனமில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். இடைவேளை ஒரு நிமிடம். அதில் பாதி போய்விட்டது. கரண்டியிலிருந்து ஆரம்பித்து இவ்வளவையும் அந்தச் சத்தத்துக்குள் எப்படி எடுத்துச் சொல்வது? ஒரே ஒரு சொல் போதுமே என்பீர்கள். ஒரு சொல்தான் சொன்னேன். "சுத்தம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பல்காப்பை வாங்கிக் கடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த ரவுண்டில் களைத்துவிடுவான் என்கிற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. கோச் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ரிங்குக்குள் சந்தேகத்தோடு போகிறவனுக்குத்தான் அடி பலமாகப் படும் என்று இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை நான் நிம்மதியாகத்தான் அனுப்பிவைத்தேன்.